வீராணம் வரவு... வளசரவாக்கம் செலவு!

ஆபீஸ் போகிற ஆண்பிள்ளை ஒவ்வொருவனுக்குள்ளும் ஒரு கிராமம் ஒளிந்துகொண்டிருக்கிறது. மாசக் கடைசியில், மேனேஜர் கடித்துக் குதறிய தினத்தில், கத்திப்பாராவில் முக்கால் மணி நேரம் நகராமல் நின்ற சாயங்காலத்தில் அது மெல்லத் தலையை நீட்டும். 'எல்லாத்தையும் உதறிட்டு ஊர்ப் பக்கம் போயிடலாம்டா' என்று காதோரம் சொல்லும். நாலு தென்னை, ரெண்டு பசு, ஒரு கயிற்றுக் கட்டில். பசுவுக்குச் சாணி அள்ளுவது யார் என்பது மட்டும் அந்தக் கனவில் வரவே வராது.

என் நண்பர் ஒருவருக்குக் கொடைக்கானல் கனவு. ஏரி, மலை, பள்ளத்தாக்கு, பனி! நேரில் போய் ஒரு சென்ட் என்ன விலை என்று விசாரித்துவிட்டு அடுத்த பஸ்ஸிலேயே திரும்பினார். "அந்த ஏரியே 1863-ல ஒரு வெள்ளைக்காரக் கலெக்டர் உண்டாக்கினது ஸார். கலெக்டரா இருந்தாதான் அங்கே குடியிருக்க முடியும்" என்றார் பெருமூச்சுடன்.

எனக்கு அந்தக் கஷ்டம் இல்லை. என் ஏரி என் பூர்வீகத்திலேயே இருக்கிறது. வீராணம்!

மலை கிடையாது. பனி, மார்கழியில் கொஞ்சம். பள்ளத்தாக்கா? எங்கள் பக்கம் முழுக்கவே பள்ளம்தான், தாக்குவது மழைக்காலத்தில்.

தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். கடலூர் மாவட்டத்தில், சிதம்பரத்துக்குத் தென்மேற்கே, சுமார் 14 கிலோமீட்டர் நீளத்துக்குப் படுத்துக் கிடக்கிற ஏரி. பத்தாம் நூற்றாண்டில், முதலாம் பராந்தக சோழன் காலத்தில் வெட்டியது. அவனுடைய பட்டப்பெயர் வீரநாராயணன். ஆகவே வீரநாராயண ஏரி. அதை நாங்கள் ஆயிரம் வருஷமாக வாயில் போட்டு மென்று 'வீராணம்' ஆக்கிவிட்டோம். 1950-ல் கல்கி 'பொன்னியின் செல்வ'னை ஆரம்பித்தபோது, வந்தியத்தேவனைக் குதிரையில் ஏற்றி, ஆடிப்பெருக்கு அன்று இந்தக் கரையில்தான் கொண்டுவந்து விட்டார். அதைப் படித்த எந்தத் தமிழனுக்கும் ஏரிக்கரை என்றால் காதில் குளம்புச் சத்தம் கேட்கும். எனக்கு மட்டும் பஸ் ஹாரன் கேட்கும். காரணம், லால்பேட்டையிலிருந்து சேத்தியாத்தோப்புக்குப் போகிற ரோடு கரையோடு கரையாகத்தான் போகிறது.

அந்த ரோட்டிலிருந்து இறங்கினால் எங்கள் கிராமம். ஓட்டு வீடு. குத்தகைக்கு விட்ட ஒரு காணி நிலம். அந்த வீட்டில் தனியாக என் அம்மா. வயது 71.

* * *

என்னைப் பற்றி ஒரு பாரா. பி.காம். முப்பத்தாறு வயது. பெண் பார்க்கப் போன இடத்தில் 'பத்திரிகைகளுக்கு எழுதறேன்' என்றேன். மாமனார் மரியாதையாக, 'அது சரி தம்பி, வேலை?' என்று கேட்டார். அந்தக் கேள்விக்குப் பதிலாகத்தான் பதினோரு கடைகளுக்குக் கணக்கு எழுதுகிறேன். மாதாமாதம் 20-ஆம் தேதி வந்தால் ஜி.எஸ்.டி. ஜுரம் வரும். மற்ற நாட்களில் கட்டுரை வரும். கட்டுரை வருமானம் எவ்வளவு என்று கேட்காதீர்கள். அது சிதம்பர ரகசியம். திரையை விலக்கினால் வெறும் ஆகாசம்!

மனைவி கடலூர்க்காரி. திருப்பாப்புலியூரில் பிறந்து வளர்ந்தவள். சென்னையில் ஒரு ஆஸ்பத்திரியில் லேப் டெக்னீஷியன். ஒன்பது வருஷ சர்வீஸ். ஒரே மகள், நாலாம் வகுப்பு. வளசரவாக்கத்தில் இரண்டு பெட்ரூம் வாடகை வீடு. பால்கனி உண்டு. அதில் நின்று கையை நீட்டினால் எதிர் வீட்டு பால்கனிக் கொடியில் துணி காயப்போடலாம்.

போன ஐப்பசி அடைமழையில் அம்மா கொல்லைப்புறத்தில் வழுக்கி விழுந்துவிட்டாள். நல்லவேளை, எலும்பு முறிவு இல்லை. ஆனால் சேதி எனக்கு வந்தது எட்டு நாள் கழித்து. அதுவும் அம்மா சொல்லவில்லை. குத்தகைக்காரர் வேறு விஷயமாக போன் பண்ணியவர், பேச்சோடு பேச்சாக, "ஆத்தா இப்ப நல்லா நடக்குது தம்பி" என்றார்.

இப்ப நடக்குது என்றால், நடுவே நடக்காமல் இருந்திருக்கிறாள் என்றுதானே அர்த்தம்!

அம்மாவை இங்கே அழைத்து வந்து வைத்துக்கொள்வது என்கிற யோசனை ஏற்கெனவே இரண்டு தடவை தோற்றுப்போனது. வந்தாள். ஒவ்வொரு தடவையும் பதினேழு நாள். பதினெட்டாம் நாள் பையைக் கட்டிவிட்டாள். "மூணாவது மாடியில உட்கார்ந்துகிட்டு நான் யாரை 'சாப்பிட்டியா'ன்னு கேக்கறது?" என்றாள்.

அன்று ராத்திரி தூக்கம் வரவில்லை. காலையில் சமையலறை வாசலில் நின்று, "பேசாம நாம ஊரோட போயிட்டா என்ன?" என்றேன்.

மனைவி குக்கர் மூன்றாவது விசில் அடிக்கும் வரை காத்திருந்தாள். அடுப்பை அணைத்துவிட்டு, "'நாம'ன்னா யார் யாரு?" என்று கேட்டாள்.

* * *

பி.காம். படித்தவன் சண்டை போடமாட்டான். நோட்டுப் புத்தகம் எடுப்பான். நடுவே கோடு கிழித்தேன். இடது பக்கம் பற்று, வலது பக்கம் வரவு.

வரவுப் பக்கம் விறுவிறுவென்று நிரம்பியது. வீட்டு வாடகை மிச்சம், ரூபாய் 19,000 (தை பிறந்தால் இருபத்தொன்று என்று ஓனர் ஏற்கெனவே வாட்ஸ்அப்பில் பொங்கல் வாழ்த்து சொல்லிவிட்டார்). மெயின்டனன்ஸ். பெட்ரோல். ஸ்கூல் வேன். குடிக்க கேன் தண்ணீர். கோடையில் லாரித் தண்ணீர். வாராவாரம் மகளைச் சமாதானப்படுத்துவதற்கென்று ஒரு மால், அதற்குள் ஒரு பாப்கார்ன். டோட்டல் போட்டேன். மாசம் முப்பதாயிரத்துக்கு மேல் மிச்சம்! எனக்கே சந்தேகம் வந்துவிட்டது. இவ்வளவு லாபம் என்றால் இத்தனை லட்சம் ஜனங்கள் ஏன் இன்னும் சென்னையை விட்டுக் கிளம்பாமல் இருக்கிறார்கள்?

பேனாவை மனைவி வாங்கிக்கொண்டாள்.

பற்று, முதல் வரி: 'என் சம்பளம் - 31,000'.

அவ்வளவுதான். என் வரவுப் பக்கம் முழுவதையும் அந்த ஒரே வரி சாப்பிட்டுவிட்டு ஏப்பம் விட்டது. ஏரிக்கரைக் கிராமத்தில் ரத்தம் டெஸ்ட் பண்ண லேப் ஏது?

இரண்டாவது வரி: 'தண்ணி'.

"தண்ணி வரவுல இல்ல வரணும்?" என்றேன்.

"நீங்க ஏரியைக் கதைப் புஸ்தகத்துல பார்த்தவர். நான் கடலூர்க்காரி" என்றாள்.

இதற்கு விளக்கம் தேவை. மற்ற ஊர்க்காரர்கள் தங்கள் ஊரில் மழை பெய்தால் நனைவார்கள். கடலூர்க்காரர்கள் அடுத்தவன் ஊரில் பெய்தாலும் நனைவார்கள். தென்பெண்ணை, கெடிலம், பரவனாறு, வெள்ளாறு, கொள்ளிடம் எல்லாம் அந்த மாவட்டத்தைத் தொட்டுக்கொண்டுதான் கடலுக்குப் போகின்றன. 2004 டிசம்பர் 26 அன்று கடலே எதிர்த்துக்கொண்டு வந்தது. அப்போது அவளுக்குப் பன்னிரண்டு வயது. 2011 டிசம்பர் 30 அன்று 'தானே' புயல். பண்ருட்டிப் பக்கம் பலாவும் முந்திரியும் வேரோடு சாய்ந்தன. 2015-ல் வெள்ளம். 2024 டிசம்பரில் பாருங்கள், கிருஷ்ணகிரி, திருவண்ணாமலைப் பக்கம் ஃபெஞ்சல் புயல் மழை கொட்டி, சாத்தனூர் அணை நிரம்பி, தென்பெண்ணையில் திறந்துவிட, தண்ணீர் கடலூரில் வீடு புகுந்தது. என் மாமனார் வீட்டுச் சுவரில் வருஷம் குறித்துக் கோடு போட்டிருக்கிறார்கள். மற்ற வீடுகளில் குழந்தைகள் வளர்ந்த உயரத்தைக் குறிப்பார்கள். அங்கே தண்ணீர் வளர்ந்த உயரம்.

"ஏரி நிரம்பினா உபரித் தண்ணி எங்கே போகும்? நாலு பக்கமும் வயல்தானே, அப்புறம் ஊர்தானே?" என்று கேட்டாள். வயிற்றில் ஈரம் பட்டது.

மூன்றாவது வரி எழுதுவதற்கு முன்னால் கொஞ்சம் யோசித்தாள். எழுதவில்லை. வாயால் சொன்னாள்.

"2020-ல நீங்களும் பாப்பாவும் நாலு மாசம் ஊர்ல இருந்தீங்களே..."

இருந்தோம். லாக்டவுன். மகளுக்கு அப்போது நாலு வயது. வீட்டுக்குள் சிக்னல் கிடைக்காது என்று நான் லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு கரைக்குப் போவேன். ஊர் திரும்பிய பையன்கள் நாலைந்து பேர் ஏற்கெனவே மதகுச் சுவரில் வரிசையாக உட்கார்ந்திருப்பார்கள். இடுப்பில் கைலி, மேலே ஆபீஸ் சட்டை. பெங்களூர், சென்னை, ஹைதராபாத் மூன்று ஆபீஸ்கள் ஒரே மதகில் நடந்தன. சாயங்காலம் காற்று வரும். மீன் வரும். என் வாழ்க்கையிலேயே நிம்மதியான நாலு மாசம் எது என்று கேட்டால் அதைத்தான் சொல்வேன்.

"அந்த நாலு மாசம் உங்களுக்கு ஏரிக்கரை. எனக்கு அந்த பிளாஸ்டிக் கவசத்துக்குள்ள எட்டு மணி நேரம். பாப்பாவை போன்லதான் பார்த்தேன். நடுவுல ஒரு நாள் அவ என்னைப் பார்த்து, 'ஆன்ட்டி டாட்டா'ன்னா. உங்களுக்கு அந்த ஊர்னா காத்து. எனக்கு அந்த ஊர்னா அதுதான்."

நோட்டை மூடிவிட்டேன்.

* * *

எழுதுகிறவனுக்கு ஒரு சௌகரியம். பதில் தெரியாவிட்டால் விஷயம் சேகரிக்கப் போகிறேன் என்று கிளம்பிவிடலாம். பொங்கல் லீவில் மூன்று பேருமாகச் சிதம்பரத்துக்கு ரயில் ஏறினோம்.

ரயிலில் மகளுக்கு ஒரு விஷயம் சொன்னேன். நாம் போகிற அதே ஊரிலிருந்து எதிர்த்திசையில் தண்ணீர் வந்துகொண்டிருக்கிறது என்று. புதிய வீராணம் திட்டம் 2004-ல் ஆரம்பித்தது. ஒரு நாளைக்கு 18 கோடி லிட்டர் என்பது திட்டத்தின் அளவு. சேத்தியாத்தோப்பு தாண்டி, 200 கிலோமீட்டருக்கு மேல் குழாயிலேயே நடந்து, போரூர் வந்து சேர்கிறது. எங்கள் பேட்டைக் குழாயில் வருவதும் அதுதான் என்று அபார்ட்மென்ட் செகரட்டரி சத்தியம் பண்ணுகிறார். எங்கள் ஊர்த் தண்ணீரில் வளர்ந்து, பிழைக்க இருநூறு கிலோமீட்டர் வந்து, அங்கேயும் எங்கள் ஊர்த் தண்ணீரையே, வரி கட்டிக் குடித்துக்கொண்டிருக்கிறேன்.

'புதிய' வீராணம் என்றால் பழையது ஒன்று இருக்க வேண்டுமே? இருந்தது. அறுபதுகளின் கடைசியில் பேச ஆரம்பித்து, எழுபதுகளில் ராட்சச கான்கிரீட் குழாய்களைச் செய்து ரோட்டோரம் போட்டார்கள். திட்டம் நின்றுபோனது. குழாய்கள் மட்டும் வருஷக்கணக்கில் அப்படியே கிடந்தன. வீடில்லாத குடும்பங்கள் அதற்குள் குடித்தனம் நடத்தின. அடுப்பு எரிந்தது, தொட்டில் ஆடியது. தண்ணீர் சென்னைக்குப் போவதற்காகச் செய்த குழாயில் மனிதர்கள் போய்க் குடியேறிய அதிசயம் அது.

2019 கோடை ஞாபகமிருக்கிறதா? பூண்டி, சோழவரம், புழல், செம்பரம்பாக்கம் நாலும் கட்டாந்தரை. ஜூலையில் ஜோலார்பேட்டையிலிருந்து ரயிலில் தண்ணீர் வந்தது. குடத்தோடு க்யூவில் நின்றபோதுதான், ஒரு நகரம் எவ்வளவு தூரத்து ஊர்களின் தயவில் நிற்கிறது என்று எனக்கு உறைத்தது.

கரைக்குப் போனோம். தை மாசம், ஏரி முக்கால்வாசிக்கு மேல் நிரம்பியிருந்தது. எதிர்க்கரை தெரியாத தண்ணீர். மகள் அரை நிமிஷம் வாயைப் பிளந்துகொண்டு பார்த்தாள். பிறகு கேட்டாள்:

"அப்பா, இதுல நம்ம வீட்டுக் குழாய் எந்தப் பக்கம்?"

* * *

லால்பேட்டை டீக்கடையில் ஒரு பெரியவர். தலையில் துண்டு, சைக்கிள் ஹாண்டிலில் மண்வெட்டி. எங்கள் அப்பாவைத் தெரிந்தவர். ஊரோடு வந்துவிடலாமா என்று யோசிப்பதாகச் சொன்னேன். சந்தோஷப்படுவார் என்று எதிர்பார்த்தேன். அவர் டீயை ஆற்றிக்கொண்டே, "ஏரியைப் பார்த்துட்டுச் சொல்றியா, வடவாத்தைப் பார்த்துட்டுச் சொல்றியா?" என்றார்.

"புரியலீங்களே..."

"ஏரிங்கறது என்ன தம்பி? ஒரு பெரிய சட்டி. அதுல தானா ஊறாது. அரியலூர்ப் பக்கம் மழை பெஞ்சா செங்கால் ஓடை, கருவாட்டு ஓடையில கொஞ்சம் வரும். மத்தபடி எல்லாம் வடவாறு கொண்டாந்து ஊத்தினாத்தான். ஏரி நெறைஞ்சிருக்குன்னு நாத்து விடறவன் வெளியூர்க்காரன். வடவாத்துல தண்ணி ஓடுதான்னு பார்த்துட்டு விடறவன்தான் உள்ளூர்க்காரன்."

வாஸ்தவம். மேட்டூரில் திறக்க வேண்டும். வழக்கமான தேதி ஜூன் 12, அதுவும் அணையில் தண்ணீர் இருந்தால். முக்கொம்பில் பிரிந்து கொள்ளிடத்தில் விழ வேண்டும். அணைக்கரையில் 1836-ல் ஆர்தர் காட்டன் காலத்தில் கட்டிய கீழணையில் தேங்க வேண்டும். அங்கிருந்து வடவாறு வழியாக எங்கள் ஏரிக்கு வர வேண்டும். அதற்குப் பிறகுதான் சுமார் 45,000 ஏக்கர் வயலுக்கும் தண்ணீர், சென்னைக்கும் தண்ணீர். சம்பா அறுத்துவிட்டு உளுந்து தெளிக்கிற வரைக்கும் எல்லோருக்கும் ஒரு கண் மேற்கிலேயே இருக்கும்.

பெரியவர் சைக்கிளில் ஏறினார். "வா, வேணாங்கல. ஒனக்கு வடவாறு எதுன்னு பார்த்துக்கிட்டு வா."

வீட்டுக்கு நடந்து வரும்போது கணக்குப் போட்டேன். எங்கள் குடும்பத்தின் வடவாறு எது? நானா? நான் கருவாட்டு ஓடை. மழை பெய்தால் வருவேன். மாதாமாதம் முதல் தேதி தவறாமல் ஓடுகிற வடவாறு என்னோடு செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு வரப்பில் நடந்துகொண்டிருந்தது. அதை அடைத்துவிட்டு ஏரிக்கரையில் உட்கார்ந்தால், சட்டிதான் மிச்சம்.

* * *

அம்மாவிடம் பேச்சை ஆரம்பிப்பதற்குள் அவளே ஆரம்பித்துவிட்டாள்.

"என்னைப் பாத்துக்கறதுக்காக வர்றதா இருந்தா வராதே. நான் விழுந்தப்ப ஓடியாந்தது மூணு வீட்டுக்காரங்க. நீ போன் எடுக்கறதுக்கே ஆறு ரிங் ஆவுது."

"அதுக்குத்தாம்மா பக்கத்துல..."

"பக்கத்துல இருந்தா விழமாட்டேனா?"

வாதத்தில் என் அம்மாவை ஜெயித்தவர் அப்பா ஒருவர்தான். அவரும் பேசி ஜெயித்ததில்லை; எழுந்து வயலுக்குப் போய் ஜெயித்தவர்.

அதற்கப்புறம் சமையல்கட்டில் மாமியாரும் மருமகளும் ரொம்ப நேரம் பேசிக்கொண்டிருந்தார்கள். கரும்பு கடிக்கிற சத்தத்தில் எனக்கு எதுவும் கேட்கவில்லை. என்ன பேச்சு என்பது திரும்பி வரும்போது பஸ்ஸில்தான் தெரிந்தது.

"அத்தை டீச்சர் டிரெய்னிங் சேர்றதா இருந்தாங்க, தெரியுமா உங்களுக்கு?" என்றாள் மனைவி.

தெரியாது. முப்பத்தாறு வருஷமாகத் தெரியாது.

"கடலூர்ல. எழுபத்திரண்டுலயோ எழுபத்து மூணுலயோ. கல்யாணம் நிச்சயமாயிடுச்சு. அப்புறம் அனுப்பறோம்னு சொன்னாங்களாம். அனுப்பல. 'அந்த கார்டை ரொம்ப நாள் டிரங்குப் பெட்டியில வச்சிருந்தேன்டி அம்மாடி. எனக்காக நீ வேலையை விட்டேன்னா, நான் இன்னொரு தடவை விழுந்த மாதிரி'ன்னாங்க."

பஸ் ஏரிக்கரையோடு போய்க்கொண்டிருந்தது. நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன். மகள் என் மடியில் தூங்கிக்கொண்டிருந்தாள்.

கொஞ்ச தூரம் போனதும் மனைவி, "நோட்டு இருக்கா?" என்றாள்.

எழுத்தாளன் பையில் பேனா இல்லாமல் இருக்கலாம். கணக்கப்பிள்ளை பையில் நோட்டு இல்லாமல் இருக்காது. எடுத்துக் கொடுத்தேன். புதுப் பக்கம் புரட்டி, அவளே நடுவே கோடு கிழித்தாள். மேலே 'ஊர்' என்று எழுதவில்லை. 'சிதம்பரம்' என்று எழுதினாள்.

அவளோடு படித்தவள் ஒருத்தி சிதம்பரத்தில் ஒரு தனியார் லேபில் இருக்கிறாள். இன்னொரு ஆள் தேவையாம். சம்பளம் பதினெட்டு. முப்பத்தொன்று எங்கே, பதினெட்டு எங்கே! ஆனால் கீழ வீதிக்குப் பின்பக்கம் ஒன்பதாயிரத்துக்கு வீடு கிடைக்கிறது. என் பதினோரு கடைகளின் கணக்கு வழக்கும் கம்ப்யூட்டரில்தான் இருக்கிறது. கடைக்காரர்கள் என் முகத்தைப் பார்த்து ஒரு வருஷம் ஆகிறது, அதில் அவர்களுக்கு வருத்தம் இருப்பதாகத் தெரியவில்லை. நல்ல பள்ளிக்கூடம் உண்டு. அவசரம் என்றால் அண்ணாமலை நகரில், ராஜா முத்தையா மருத்துவக் கல்லூரியாக இருந்து இப்போது அரசாங்கத்துடையது ஆகிவிட்ட பெரிய ஆஸ்பத்திரி இருக்கிறது. அம்மா வீட்டுக்கு பஸ்ஸில் ஒரு மணி நேரத்துக்குள். அப்புறம் அவள் ஒரு வரி சேர்த்தாள்: 'கடலூர் - ஒன்றரை மணி'. அவளுக்கும் ஒரு அம்மா அப்பா இருக்கிறார்களே. சுவரில் கோடு போட்டுக்கொண்டு!

கடைசியில் மூன்று கண்டிஷன்.

ஒன்று: வாரத்தில் இரண்டு ராத்திரி நான் ஏரிக்கரை வீட்டில் அம்மாவோடு தங்க வேண்டும். மருமகளை அனுப்பிவிட்டு மகன் கட்டுரை எழுதக் கூடாது. "ஏரிக்காத்து வேணும்னு கேட்டது நீங்கதானே? போய் வாங்கிக்கிட்டு, அப்படியே சாதமும் வடிச்சிட்டு வாங்க."

இரண்டு: இரண்டு வருஷம் பார்ப்பது. சரிப்படவில்லை என்றால் மூட்டையைக் கட்டிக்கொண்டு திரும்புவது. 'உன்னாலதான்' என்கிற வார்த்தையை யாரும் யாரிடமும் சொல்லக் கூடாது.

மூன்று: இன்னொரு 2020 வந்தாலும் சரி, மூன்று பேரும் ஒரே கூரையின் கீழ். காற்று வருகிறதோ இல்லையோ.

* * *

பரீட்சை முடிந்ததும் கிளம்புவதாக உத்தேசம். ஓனரிடம் சொல்லியாகிவிட்டது. அவர் இருபத்தொன்றை இருபதாக்கிப் பார்த்தார். மனைவி சிரித்துவிட்டு வந்துவிட்டாள். மகளுக்கு ஒரே கவலை, புது வீட்டில் பூனை வளர்க்கலாமா என்று. அம்மாவிடம் போனில் சொன்னேன். "நான் ஒண்ணும் கூப்பிடலையே" என்றாள். மறுநாள் அவளே கூப்பிட்டு, ஞாயிற்றுக்கிழமை கடைசி பஸ் சிதம்பரத்துக்கு எத்தனை மணிக்கு என்று எனக்கு டைம் டேபிள் ஒப்பித்தாள்.

ஆபீஸ் டிராயருக்குள் ஒரு கிராமத்தை ஒளித்து வைத்திருக்கிற சகோதரர்களுக்கு ஒரு வார்த்தை. போகலாம், தப்பில்லை. ஏரி எவ்வளவு அழகு என்று பார்ப்பதற்கு முன்னால் வடவாறு எது என்று பாருங்கள். உங்கள் வீட்டில் அது வேறொருவராக இருந்தால், நோட்டையும் பேனாவையும் முதலில் அவரிடம் கொடுத்துவிடுங்கள்.

என் நோட்டை நேற்று மறுபடி கூட்டிப் பார்த்தேன். இரண்டு பக்கமும் டாலி ஆகவில்லை. மாசம் இரண்டாயிரத்துச் சொச்சம் உதைக்கிறது. அம்மாவோடு இருக்கிற இரண்டு ராத்திரிக்கு என்ன தொகை போடுவது என்று தெரியவில்லை. டிரங்குப் பெட்டியில் இருந்த அந்த கார்டை எந்தப் பக்கம் எழுதுவது என்றும் தெரியவில்லை. காலேஜில் எங்களுக்குச் சொல்லிக் கொடுத்திருக்கிறார்கள்: கணக்கு சேராதபோது வித்தியாசத்தை அனாமத்துக் கணக்கில் எழுதி வை, நாளாவட்டத்தில் அது தன் இடத்தைத் தானே கண்டுபிடித்துக்கொள்ளும் என்று.

எழுதிவிட்டேன். மனைவி எட்டிப் பார்த்து, "அனாமத்துன்னா என்ன?" என்றாள்.

"குடும்பம்" என்றேன்.